மூடுதலும் விடுவித்தலும்: கெர்னலில் சாக்கெட் வளங்கள்

முன்னுரை

ஒரு நிரல் மற்றொரு கணினியோடு பிணையத்தின்வழித் தொடர்பு கொள்ள வேண்டுமாயின், முதலில் இயங்குதளத்திடம் ஒரு தொடர்பு வாயிலைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். அவ்வாயிலே சாக்கெட் எனப்படுகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து 1983ஆம் ஆண்டு வெளியான 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸ் வழியாக இம்முறை பரவியது. இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னல், ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் நினைவகத்தில் இடம் ஒதுக்குகிறது. தொடர்பு முடிந்தபின் அவ்விடம் எவ்வாறு மீட்கப்படுகிறது என்பதை, லினக்ஸ் கெர்னலைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

இரு வினைகள்

மூடுதல், விடுவித்தல் ஆகிய இரண்டும் ஒன்றெனத் தோன்றலாம். ஆயினும் கெர்னலில் அவை வெவ்வேறு செயல்களாகும். இனி இச்சாக்கெட் தனக்கு வேண்டாம் என நிரல் அறிவிப்பது மூடுதல். அந்நினைவிடத்தை வேறு பயனுக்காகக் கெர்னல் திரும்ப எடுத்துக்கொள்வது விடுவித்தல். இவ்விரண்டிற்கும் இடையே காலம் கழியக்கூடும். டி.சி.பி. நெறிமுறையில் இணைப்பை முதலில் முடித்துக்கொள்ளும் பக்கம், தாமதமாக வந்து சேரும் பொட்டலங்கள் புதிய இணைப்பைக் குழப்பாதிருக்கும் பொருட்டுக் காத்திருக்கிறது. லினக்ஸில் இக்காலம் 60 வினாடிகள். அவ்வேளையில் முழுச் சாக்கெட்டுக்கு மாற்றாக, அளவிற் சிறிய ஒரு பதிவை மட்டுமே கெர்னல் வைத்திருக்கிறது.

பயன்பாட்டு எண்ணிக்கை

சாக்கெட்டையும் அதன்வழி வரும் பொட்டலத்தையும் கெர்னலின் பல பகுதிகள் ஒரே வேளையில் பயன்படுத்தக்கூடும். எனவே, ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன்பாட்டு எண்ணிக்கை பேணப்படுகிறது. ஒரு பகுதி அதனைக் கையில் எடுக்கும்போது எண்ணிக்கை ஒன்று கூடும். கைவிடும்போது ஒன்று குறையும். சுழியமானபின்னரே நினைவிடம் விடுவிக்கப்படும். பலர் குடியிருக்கும் வீட்டில் இறுதியாக வெளியேறுபவரே கதவைப் பூட்டுவதை இதற்கு ஒப்பிடலாம். எண்ணிக்கையைக் குறைக்கத் தவறினால் நினைவகம் வீணே தேங்கும். சுழியமாகுமுன் விடுவித்தாலோ கேடு பெரிது. அவ்விடம் வேறொன்றுக்கு வழங்கப்பட்டபின்னும், பழைய பகுதி அதனைத் தனதெனவே கருதிச் செயற்படும்.

ஒரு சான்று

2017 பிப்ரவரியில் வெளிப்படுத்தப்பட்ட சி.வி.இ.-2017-6074 என்னும் குறைபாடு இத்தகையது. டி.சி.சி.பி. என்னும் நெறிமுறையில், ஐ.பி.வி.6 சாக்கெட்டில் ஒரு குறிப்பிட்ட விருப்பத்தேர்வு அமைக்கப்பட்டிருந்தால், இணைப்பு கோரி வந்த பொட்டலத்தின் முகவரி பின்னைய பயனுக்காகச் சேமிக்கப்பட்டு, அதன் எண்ணிக்கையும் முறையாகக் கூட்டப்பட்டது. எனினும், அடுத்த படியில் அவ்வெண்ணிக்கையைப் பாராமலே பொட்டலம் விடுவிக்கப்பட்டது. இதனால் ஒரே நினைவிடம் இருமுறை விடுவிக்கப்படும் நிலை உண்டாயிற்று. அதனைப் பயன்படுத்தி, அக்கணினியில் சாதாரண உரிமை மட்டுமே உடையவர் கெர்னலின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற இயலும். இப்பிழை பல ஆண்டுகளாக லினக்ஸில் இருந்துவந்தது. எண்ணிக்கையை மதித்து விடுவிக்கும் செயல்கூற்றை அழைக்குமாறு செய்த சிறு மாற்றமே அதற்குத் தீர்வாயிற்று.

முடிவுரை

கைவிடுதல் ஒவ்வொரு பகுதிக்கும் உரிய கடமை. விடுவித்தல் இறுதிப் பயனர் நீங்கியபின் நிகழ வேண்டியது. பல ஆண்டுகள் மறைந்திருந்த பிழை, இவ்வேறுபாட்டைப் பேணாமையால் விளைந்ததே. கணினியியலைத் தமிழில் கற்பிக்கும்போது மூடுதல், கைவிடுதல், விடுவித்தல் ஆகிய மூன்றையும் ஒரே சொல்லால் சுட்டுவோமாயின், மாணவர்க்கு இக்கருத்தே புலப்படாது போகும். மூன்றுக்கும் தனித்தனி வினைகள் தமிழில் இயல்பாகவே உள்ளன. அவற்றை வரையறுத்து வழங்குதல் நம் பொறுப்பாகும்.