இரும்புப் பேழையினுள் வீரர்

சென்ற கோடை விடுமுறையில் யான் பெரம்பலூர் மாவட்டத்துப் பூலாம்பாடியாகிய எமது ஊருக்குச் சென்றிருந்தேன். அங்கு என் தமையனார் மகன் திண்ணையில் அமர்ந்து, விரலளவினவாகிய பொம்மை வீரர்களுக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தான். அவற்றுள் ஒன்று மட்டும் ஏனையவற்றினும் பருத்து, இரும்புப் பெட்டி ஒன்றுக்குக் கையுங் காலும் முளைத்தாற்போலத் தோன்றிற்று. "இஃதென்ன?" என்றேன். "சித்தப்பா, இதற்குள் ஒரு வீரர் இருக்கிறார். போரிலே குற்றுயிராய் விழுந்தவரை இதனுள் வைத்துவிட்டார்கள். இன்னமும் போர் செய்கிறார்," என்று பெருமையோடு விடையிறுத்தான். அருகே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அப்பாயி தலை நிமிர்ந்து, "அவரை வெளியே எடுத்து வீட்டுக்கு அனுப்புவது எப்போது?" என்று வினவினார். சிறுவன் விழித்தான். எனக்கும் விடை தோன்றவில்லை. அவ்வினாவே இவ்வியாசம் எழுதப் புகுந்ததற்குக் காரணமாகும்.

அப்பொம்மை, இங்கிலாந்து தேசத்தில் 1987-ஆம் ஆண்டு வெளிவந்த 'வார்ஹாம்மர் 40,000' என்னும் போர் விளையாட்டைச் சேர்ந்தது. பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பின் விண்மீன்களுக்கிடையே நிகழ்வனவாகப் புனையப்பட்ட ஓயாப் போர்களே அதன் கதை. அதில் மரணகாயமுற்ற வீரருள் சிறந்தார் சிலரை, எஞ்சிய உடலோடு ஒரு பேழையில் கிடத்தி, அவர்தம் நரம்புகளை நடமாடும் போர் இயந்திரத்தோடு பிணைத்துவிடுவர். அவர் நினைத்த மாத்திரத்தில் இரும்புக் கை ஓங்கும். இரும்புக் கால் நடக்கும். இவ்வியந்திரத்துக்கு 'டிரெட்நாட்' என்று பெயர். அச்சமற்றது என்பது இதன் பொருள். 1906-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் நீரில் இறக்கிய புகழ்பெற்ற போர்க்கப்பலுக்கும் இப்பெயரே இடப்பட்டிருந்தது. போரில்லாக் காலத்தில் பேழையிலுள்ளாரை நெடுந்துயிலில் ஆழ்த்திவைத்துப் பேரிடர் நேருங்கால் எழுப்புவர். பியோர்ன் என்னும் மூத்த வீரர், படை நடத்துதற்கேயன்றிப் பண்டைச் செய்திகளைக் கேட்டறிதற்பொருட்டும் எழுப்பப்படுவார் என்று கதை கூறும். ஆயினும் ஆண்டுகள் செல்லச்செல்ல அவர்தம் அறிவு தளர்வதும், உடனிருந்தோர் யாவரும் மறைந்த உலகில் தனித்து விழிப்பதும் அக்கதையிலேயே சொல்லப்படுகின்றன. அவருக்கு அது பெருமையே. எனினும் விடுதலை அன்று.

இக்கருத்துக்கு நம் முன்னோர் முற்றும் அயலார் அல்லர். போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு, பெயரும் பீடும் எழுதி, மயிற்பீலி சூட்டி வழிபட்டனர். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் தமிழ் பிராமி எழுத்துடையன. வீரன் கல்லினுள் நின்று ஊரைக் காப்பான் என்பது அன்னார் நம்பிக்கை. அங்கே இரும்பு, இங்கே கல். ஆனால், கல்லுக்கு நோவில்லை. நம்மவர் இறந்தவனைத் தெய்வமாக்கினரேயன்றி, உயிரோடு வருந்துபவனைப் படைக்கருவி ஆக்கினாரல்லர்.

புண்பட்டு உயிரோடிருந்தவனை அவர்கள் என்ன செய்தனர்? புறநானூற்றின் 281-ஆம் பாட்டில் அரிசில்கிழார் அதனைக் காட்டுகின்றார். புண்பட்ட வீரன் தன் இல்லத்திற் கிடக்கின்றான். மனையில் வேப்பிலை செருகப்படுகின்றது, வெண்சிறுகடுகு தூவப்படுகின்றது, நறும்புகை எழுகின்றது. குழல் ஊதியும் மணி ஒலித்தும் காஞ்சிப் பண் பாடியும் மகளிர் அவனைக் காக்கின்றனர். நெடுநல்வாடையிலோ, வாடைக்காற்று வீசும் நள்ளிரவில் பாண்டியன் பாசறையைச் சுற்றிவந்து, விழுப்புண்பட்ட வீரரை நேரிற் கண்டு தேற்றுவதாக நக்கீரர் பாடுகின்றார். புண்பட்டவன்பால் வீட்டாருக்கும் வேந்தனுக்கும் கடன் உண்டு என்பது இவற்றாற் பெறப்படும்.

நிற்க. இயந்திரத்தின் துணைகொண்டு வாழும் வீரர் கதையில் மட்டும் உளரல்லர். நம் நாட்டிலும் உளர். முதல் உலகப் போரில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து சென்றனர். ஊனமுற்று மீண்டோருக்குக் கைத்தொழில் பயிற்றுதற்பொருட்டு 1917-ஆம் ஆண்டில் ஒரு நிலையம் நிறுவப்பெற்றது. அதுவே புனாவையடுத்த கிர்க்கியிலுள்ள குவீன் மேரி தொழிற்பயிற்சி நிலையம். இரண்டாம் உலகப் போரின்போது, 1944-ஆம் ஆண்டில், புனாவிலேயே படைவீரருக்கான செயற்கை உறுப்பு நிலையமும் தோன்றிற்று.

1965-ஆம் ஆண்டுப் போரில் குண்டடிபட்டு முதுகெலும்பு பழுதாகிய முரளிகாந்த் பேட்கர் என்னும் படைவீரர் நீச்சல் பயின்றார். 1972-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகரில் நடந்த பாராலிம்பிக் போட்டியில் ஐம்பது மீட்டர் நீச்சலில் தங்கப் பதக்கம் வென்றார். அப்போட்டிகளில் இந்தியர் ஒருவர் தங்கம் பெற்றது அதுவே முதன்முறை. 1971-ஆம் ஆண்டுப் போரில் கண்ணிவெடியால் காலிழந்த கூர்க்கா படையதிகாரி இயான் கார்டோசோ, சிதைந்த காலைத் தம் குக்ரிக் கத்தியால் தாமே துணித்தார். அவருக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர், சிறைப்பட்டிருந்த பாகிஸ்தானியப் படை மருத்துவர் ஒருவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. செயற்கைக் காலோடு பணிக்கு மீண்ட கார்டோசோ, பின்னர்ப் பட்டாளத்தையும் பிரிகேடையும் தலைமை தாங்கி, மேஜர் ஜெனரலாக உயர்ந்தார்.

கருவி எத்தகையதாயின் பயன் தரும் என்பதையும் ஆராய்தல் வேண்டும். மேனாட்டுச் செயற்கைப் பாதம் பூட்ஸ் அணிவோருக்கென அமைந்தது. அதனைக்கொண்டு நம்மவர் சம்மணமிட்டு அமரவோ, குந்தவோ, வெறுங்காலோடு வரப்பில் நடக்கவோ இயலவில்லை. ஜெய்ப்பூரில் 1968-ஆம் ஆண்டையொட்டிச் சிற்பத்தொழிலாளர் ராமசந்திர சர்மாவும் மருத்துவர் சேத்தியும் கூடி, ரப்பரும் மரமுங்கொண்டு எத்திசையும் வளையும் பாதத்தை அமைத்தனர். சேற்றிலும் நடக்கலாம், நனைந்தாலும் கெடாது, விலையுங் குறைவு. ஆப்கானிஸ்தானத்தில் கண்ணிவெடியால் காலிழந்தோர் பலரை இப்பாதம் நடக்கச் செய்தது. இலங்கைத் தமிழர் நாட்டில் போரால் காலிழந்தோருக்கும், யாழ்ப்பாணத்திலுள்ள ஜெய்ப்பூர் நிலையம் இதனைப் பொருத்தி உதவியுள்ளது. அவர்களுள் வீரர் மட்டுமல்லர், விறகு பொறுக்கச் சென்றோரும் உளர் என்பதை நாம் மறத்தலாகாது, கண்ணிவெடி ஆளறியாது.

போர்க்களம் காணாராயினும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். 1954-ஆம் ஆண்டு மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த அம்மையார், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் முடங்கிய கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 1966-ஆம் ஆண்டில் வேலூரில் தோன்றிய மறுவாழ்வு நிலையத்துக்கு வழிகாட்டியவரும் அவரே.

இவற்றை நோக்கின் ஒரு வேறுபாடு தெற்றென விளங்கும். கதையில் வரும் வீரரை இயந்திரம் அணிந்துகொள்கின்றது. நாம் கண்ட மாந்தரோ இயந்திரத்தைத் தாம் அணிந்துகொண்டனர். கார்டோசோ மீண்டும் படைக்குச் சென்றார். ஆனால் தம் விருப்பத்தாற் சென்றார், மாலையில் காலைக் கழற்றி வைத்துவிட்டு உறங்கவும் செய்தார். எக்கருவியைக் கழற்றி வைக்க உடையவனுக்கு உரிமையுண்டோ, அது துணை. எதனைக் கழற்ற இயலாதோ, அது சிறை. மனித மூளையோடு இயந்திரத்தை இணைக்கும் ஆராய்ச்சிகள் பெருகிவரும் இந்நாளில், விஞ்ஞானம் பயிலும் மாணவ நண்பர்கள் இவ்வேறுபாட்டைக் கைக்கொள்ளுதல் நன்று.

அந்தச் சிறுவனுடைய விளையாட்டை யான் குறைகூறவில்லை. வீழ்ந்த வீரரை மறத்தலாகாது என்னும் நன்றியுணர்வு அதிலும் உண்டு. ஆயினும் நன்றிக்குரிய கேள்வி, "இவர் இன்னும் எத்துணைக் காலம் போர் செய்வார்?" என்பதன்று, எழுத்தறியாத என் அப்பாயி கேட்ட கேள்வியே அது.