கடல்மீன் தொட்டி வீடு மாறும்போது

மயிலையிலிருந்து அடையாற்றுக்கு நாங்கள் குடிபெயர்ந்தபோது, கட்டிலும் பீரோவும் எவருக்கும் கவலை தரவில்லை. நான்கு ஆண்டுகளாகக் கூடத்தில் இருந்த 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டிதான் கவலை தந்தது. விலங்கியல் மாணவன் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

தொட்டியின் உயிர் தண்ணீரில் இருப்பதாகப் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது கற்களில் ஒட்டி வாழும் பாக்டீரியாக்களிடம் இருக்கிறது. மீன் கழிக்கும் அம்மோனியா கொடிய நஞ்சு. அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. கல் காய்ந்தால் இவை மடியும். குழாய்நீரில் கழுவினால் குளோரின் கொன்றுவிடும். ஆகவே கற்களைப் பழைய நீரிலேயே மூழ்கவைத்து வாளிகளில் கொண்டுசென்றோம். மணல் அப்படியன்று. அடிமணலில் ஹைட்ரஜன் சல்பைடு தேங்கியிருக்கும். கிளறினால் அழுகிய முட்டை நாற்றம், மீனுக்கும் ஆபத்து. மேல்மணலில் சிறிது வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிட்டோம்.

வெயில் ஏறினால் நீரில் பிராணவாயு குறையும். எனவே முந்தின நாளே தீனியை நிறுத்தி, விடியற்காலையில், திரு.வி.க. பாலத்தில் நெரிசல் தொடங்குமுன், கோமாளி மீன்கள் இரண்டையும் பேட்டரிக் காற்றுப்பம்புடன் ஆட்டோவில் ஏற்றினோம்.

"பெசன்ட் நகர்க் கடல் பக்கம்தானே, முகந்து ஊற்றேன்" என்றார் மாமா. 1909-இல் மெரினாவில் திறந்த மீன் காட்சியகத்திற்குக் கடல் வாசலிலேயே இருந்தது, உண்மைதான். ஆனால் இன்று அடையாறு கலக்கும் கரைநீரை நான் நம்பவில்லை. உப்பு வாங்கி, லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கரைத்தோம்.

பத்து நாட்கள் அம்மோனியாவைச் சோதித்தேன். மூன்றாம் நாள் சற்றே ஏறியது. கால்பங்கு நீரை மாற்றியதும் இறங்கிவிட்டது. மீன்கள் இரண்டும் இப்போது தீனிக்கு மேலே வருகின்றன.