வசதி தராத நிறைவு

கோத்தகிரியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து நடக்கும். பச்சைப் பசேலென்று நின்ற செடியைக் குச்சிகள் மட்டும் மிஞ்சும்படி வெட்டி விடுவார்கள். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் தோட்டமே பட்டுப்போய்விட்டது என்று நினைப்பார்கள். சில மாதங்களுக்கு அந்தப் பாத்தியில் வருமானம் கிடையாது. ஆனால் வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாகிவிடும். கைக்கு எட்டாது, கொழுந்தும் குறையும். மலைக் குளிரில் தளிர் மெதுவாகத்தான் வளரும். நீலகிரித் தேயிலையின் மணத்துக்கு அந்த மெதுவான வளர்ச்சியும் ஒரு காரணம்.

மனிதனைச் செடியோடு ஒப்பிடுவதற்கு ஓர் எல்லை உண்டு. செடிக்கு விருப்பம் கிடையாது, மனிதனுக்கு உண்டு. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

"நான் பட்ட கஷ்டம் என் பிள்ளை படக்கூடாது." வளைகுடா வெயிலில் உழைத்த தந்தையும் சொல்கிறார், மலையில் கொழுந்து பறித்த தாயும் சொல்கிறார். அன்பில் பிறந்த வார்த்தைதான். ஆனால் கஷ்டத்தை அகற்றுவதாக எண்ணி, முயற்சியையும் சேர்த்தே பிள்ளையிடமிருந்து எடுத்துவிடுகிறோம். எல்லாம் கிடைத்த பிள்ளை "போரடிக்குது" என்று சொல்லும்போது நமக்குக் கோபம் வருகிறது.

மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்ற உளவியல் அறிஞர் ஜூடித் லெஃபெவருடன் சேர்ந்து 1989இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். வேலைக்குச் செல்லும் 78 பேரிடம் ஒரு வாரம் முழுவதும், அன்றாட நேரங்களின் நடுவே, "இப்போது என்ன செய்கிறீர்கள், எப்படி உணர்கிறீர்கள்" என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். மனம் முழுமையாக ஒன்றிப்போன நேரங்களில் பெரும்பாலானவை ஓய்வில் அல்ல, வேலையில்தான் வந்திருந்தன. வேடிக்கை என்னவென்றால், அதே மக்கள் வேலை நேரத்தில் வேறு எதையாவது செய்யத்தான் விரும்பினார்கள்! நமக்கு எது நிறைவு தருகிறது என்பது நமக்கே சரியாகத் தெரிவதில்லை.

இதைக் கேட்டுவிட்டு, துன்பமே உயர்வு என்று முடிவு செய்துவிடக் கூடாது. வெயிலில் நின்றுகொண்டே இருப்பேன், நிழலுக்குப் போகமாட்டேன், பேசமாட்டேன், நோன்பும் வைப்பேன் என்று நேர்ச்சை செய்த அபூ இஸ்ராயீல் (ரலி) பற்றிய செய்தி புகாரியில் உள்ளது. அவரைப் பேசவும், நிழலுக்குப் போகவும், உட்காரவும் சொன்ன நபி (ஸல்) அவர்கள், நோன்பை மட்டும் நிறைவு செய்யச் சொன்னார்கள். பயனற்ற வதை நீங்கியது. பொருளுள்ள முயற்சி நின்றது.

நபி தாவூத் (அலை) அவர்கள் அரசராக இருந்தும் தம் கையால் உழைத்தே உண்டார்கள். அவர்களுக்கு இரும்பு இளக்கித் தரப்பட்டதைக் குர்ஆன் சொல்கிறது. இரும்புதான் இளகியது, கவசம் தயாராக இறங்கி வரவில்லை. வளையங்களை அளவு பார்த்துக் கோர்க்கும் வேலை அவர்களிடமே விடப்பட்டது.

1964இன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டவர் யார்? அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டமே பின்னர் 'டான்டீ' ஆனது. கோத்தகிரிப் பகுதியிலும் அவர்கள் குடியேறினார்கள். அந்தக் குடும்பங்களிடம் போய் "கஷ்டம் உங்களை உயர்த்தும்" என்று பயான் செய்ய எனக்கு நா எழாது. அவர்கள் பட்டது திணிக்கப்பட்ட சிரமம். கூலியும், கூரையும், பச்சைத் தேயிலைக்கு நியாயமான விலையும் கேட்பது சபருக்கு எதிரானதல்ல. முயற்சியின் நிறைவைப் பற்றிப் பேச வேண்டியது வசதி வந்த பிறகும் வெறுமையாக இருப்பவர்களிடம்.

அளவும் முக்கியம். திறமைக்கு மிஞ்சிய வேலை பதற்றத்தைத் தரும், குறைந்த வேலை சலிப்பைத் தரும் என்கிறார் சிக்சென்ட்மிஹாய். ஹிஃப்ளு மதரஸா உஸ்தாதுகளுக்கு இது புதிய பாடமல்ல. ஒரு மாணவனுக்கு ஐந்து வரி சபக், பக்கத்தில் இருப்பவனுக்கு ஒரு பக்கம். ஐந்து வரிக்காரன் தடுமாறாமல் ஒப்புவிக்கத் தொடங்கினால், மறுநாள் ஏழு வரி கொடுப்பார்கள். முகம் சுளிப்பான், வீட்டில் உம்மாவிடம் புகாரும் சொல்வான். அந்த நேரத்தில் உம்மா உஸ்தாதுக்குப் போன் செய்து "ஐந்தே போதும்" என்று சொல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஏழு வரியையும் கேட்டால் போதும்.