செவ்வாயில் நாற்றங்கால் போட முடியுமா?

2024 டிசம்பர் 30-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட்டில் 8 காராமணி விதைகளும் விண்வெளிக்குப் போயின. திருவனந்தபுரத்தில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் செய்த சிறிய மூடிய பெட்டிக்குள் அவை வைக்கப்பட்டிருந்தன. 4 நாட்களில் விதைகள் முளைத்தன. பிறகு இலையும் விட்டன. 2025-ல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்ற சுபான்ஷு சுக்லா, வெந்தயத்தையும் பச்சைப்பயறையும் அங்கே முளைக்க வைத்துப் பார்த்தார்.

இந்தச் செய்திகள் வந்ததிலிருந்து, கிராமங்களில் நடக்கும் பயிற்சிக் கூட்டங்களில்கூட ஒரு கேள்வி எழுகிறது. ‘செவ்வாய்க் கிரகத்தில் மனிதர்கள் குடியேறப் போகிறார்களாமே, அங்கே பயிர் வருமா?’ என்கிறார்கள். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் எலான் மஸ்க், செவ்வாயில் 10 லட்சம் பேர் வாழும் நகரத்தை உருவாக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். ராக்கெட் அங்கே போய்ச் சேருமா என்பதைப் பொறியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்பது உழவர்களுக்கு நன்றாகப் புரியக்கூடிய கேள்வி.

கட்டுச்சோறு போதாது

பூமியும் செவ்வாயும் பயணத்துக்கு ஏற்ற நிலையில் அமைவது சுமார் 26 மாதங்களுக்கு ஒருமுறைதான். போவதற்கு ஏழெட்டு மாதம், தங்கல், திரும்புவதற்கு ஏழெட்டு மாதம் என்று ஒரு பயணத்துக்கு ஏறக்குறைய 3 ஆண்டுகள் ஆகும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு உறையோடு சேர்த்து 2 கிலோ உணவு என்று வைத்துக்கொண்டால், 4 பேருக்கு 3 ஆண்டுகளுக்குச் சுமார் 9 டன் வேண்டும். 2021-ல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியின் எடை ஏறக்குறைய 1 டன். 4 பேரின் சாப்பாட்டுக்கே இப்படி ஒன்பது மடங்கு சுமை என்றால், ஆயிரம் பேர், பத்தாயிரம் பேர் என்றால் என்ன ஆகும்? குடியேற்றம் என்று சொல்ல வேண்டுமானால் அங்கேயே விளைவித்தாக வேண்டும்.

செவ்வாயின் மண் பரிசோதனை அட்டை

செவ்வாய் மண்ணுக்கு உண்மையாகவே மண் பரிசோதனை நடந்திருக்கிறது. 2008-ல் அங்கு இறங்கிய ஃபீனிக்ஸ் கலம், மண்ணை எடுத்துத் தண்ணீரில் கரைத்துச் சோதித்தது. கார அமில நிலை சுமார் 7.7. நம் வயல்கள் பலவற்றில் இருக்கும் அளவுதான் இது. பொட்டாசியம், மக்னீசியம், கால்சியம் எல்லாம் இருந்தன. செவ்வாய்க்குச் சிவப்பு நிறம் தரும் இரும்புக்கும் பஞ்சமில்லை.

சிக்கல் அடுத்த வரியில் வருகிறது. அந்த மண்ணில் பெர்குளோரேட் என்னும் உப்பு சுமார் அரை சதவீதம் இருந்தது. தைராய்டு சுரப்பியைப் பாதிக்கும் நச்சு அது. ஒரு ஏக்கரில் 15 செ.மீ. ஆழ மேல்மண் ஏறக்குறைய 900 டன் இருக்கும். அதில் அரை சதவீதம் என்றால் ஏக்கருக்கு நாலரை டன் நச்சு உப்பு. இது தண்ணீரில் கரையக்கூடியது. உவர் நிலத்தில் செய்வது போல நீரைத் தேக்கி, கரைத்து, வடிகாலில் வெளியேற்றலாம். ஆனால் அதற்கு வேண்டிய தண்ணீர் எங்கே, கழுவிய நீரை எங்கே கொண்டுபோய் விடுவது?

கரிமச்சத்தைப் பொறுத்தவரை, பயிருக்கு உதவும் அளவில் எதுவும் இல்லை. நுண்ணுயிர் இதுவரை கண்டறியப்படவில்லை. காற்றில் நைட்ரஜன் 3 சதவீதத்துக்கும் குறைவு. நம் காற்றில் 78 சதவீதம். ரைசோபியத்தைக் கொண்டுபோய் இட்டாலும், அது எடுத்துக் கொடுக்க அங்கே நைட்ரஜன் போதாது.

ஆய்வகச் சோதனைகளும் இதையே சொல்கின்றன. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் செவ்வாய் மண்ணைப் போலச் செயற்கையாகத் தயாரித்த மண்ணில் பயிர் வளர்த்தார்கள். 2017-ல் அதில் மண்புழுக்கள் குஞ்சு பொரித்ததும் செய்தியானது. ஆனால் அந்த மண்ணில் பூமியின் தொழுவுரம் கலக்கப்பட்டிருந்தது. 2022-ல் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகம், நிலவிலிருந்து கொண்டுவந்த உண்மையான மண்ணில் கடுகுக் குடும்பச் செடி ஒன்றை வளர்த்தது. விதை முளைத்தது, செடி கூனிக் குறுகியது. விதை தன் சேமிப்பைக் கொண்டே முளைத்துவிடும். அதற்குப் பிறகுதான் மண்ணின் வேலை தொடங்குகிறது.

தண்ணீர் இருந்தும் பாய்ச்ச முடியாது

செவ்வாயின் துருவப் பகுதிகளிலும் தரைக்கு அடியிலும் பனிக்கட்டி இருக்கிறது. ஆனால் அங்கே காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. சராசரி வெப்பநிலை மைனஸ் 60 டிகிரி அளவில் இருக்கிறது. திறந்த வெளியில் மடை திறந்தால், தண்ணீர் ஒரு பக்கம் உறையும், மறுபக்கம் ஆவியாகிவிடும். சூரிய ஒளியும் நமக்குக் கிடைப்பதில் பாதிக்கும் குறைவு. அதிலும் 2018-ல் வந்தது போன்ற புழுதிப் புயல் கிரகத்தையே மூடிவிட்டால், வாரக்கணக்கில் வெளிச்சம் இருக்காது.

ஆகவே செவ்வாயில் விவசாயம் என்பது, அழுத்தமும் வெப்பமும் காற்றும் வெளிச்சமும் நாமே கொடுக்கும் மூடிய கூடாரத்துக்குள் மட்டுமே நடக்கும். அந்தக் கூடாரத்தை ஒரு நாள் பராமரிக்காமல் விட்டாலும் பயிரோடு ஆளும் போய்விடுவார்.

மூச்சுத் திணறிய பண்ணை

மூடிய பண்ணையைப் பூமியிலேயே நடத்திப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் ‘பயோஸ்பியர் 2’ என்ற பெயரில் 3 ஏக்கருக்குச் சற்று அதிகமான பரப்பைக் கண்ணாடியால் மூடி, 1991 செப்டம்பரில் 8 பேர் உள்ளே போனார்கள். நெல், வாழை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்று பயிரிட்டார்கள். தங்கள் உணவில் ஐந்தில் நான்கு பங்கை அவர்களே விளைவித்தார்கள். பாராட்ட வேண்டிய உழைப்பு அது. ஆனாலும் எடை குறைந்து, பசியோடுதான் இருந்தார்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் வந்தது. உள்ளே இருந்த காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 14 சதவீதத்துக்குச் சற்று மேல் என்ற அளவுக்குச் சரிந்தது. மகசூலுக்காக மண்ணில் தாராளமாக மட்கு சேர்த்திருந்தார்கள். அதை மட்கவைத்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளியிட்டன. பயிர்கள் அதைத் திருப்பித் தருவதற்குள் ஒரு பகுதியைக் கட்டடத்தின் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டது. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜனைச் செலுத்த வேண்டியதாயிற்று. மகரந்தம் சேர்க்கும் பூச்சிகள் பெரும்பாலும் அழிந்தன. கரப்பானும் எறும்பும் பெருகின. இது நடந்தது பூமியில் என்பதால் வெளியே லாரியில் ஆக்சிஜன் வந்தது. செவ்வாயில் அந்த லாரி 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும்.

ஓர் ஊருக்கு என்னவெல்லாம் வேண்டும்?

ஓர் ஊர் நிலைத்து வாழ என்னென்ன தேவை என்பதற்கு நம்மிடமே ஒரு பழைய கணக்கு இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டம் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் உள்ள, சோழ மன்னன் வீரராஜேந்திரன் காலத்து 11-ம் நூற்றாண்டுக் கல்வெட்டுதான் அது. அங்கே வேதப் பள்ளியும் 15 படுக்கைகள் கொண்ட ‘வீரசோழன்’ என்ற ஆதுலர் சாலையும் நடந்தன. மருத்துவர், அறுவை செய்பவர், பணிப்பெண்கள், மூலிகை கொண்டுவருபவர்கள் என்று பணியாளர்களைக் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. அவர்களுக்கு நெல்லாகவும் காசாகவும் ஊதியம் அளக்கப்பட்டது. அந்த மருத்துவமனை ஓடியது நெல் வயல்களின் வருமானத்தில்.

அங்கே இருப்பு வைத்திருந்த மருந்துகளில் ஒன்று ‘தசமூல ஹரீதகி’. தசமூலம் என்றால் பத்து வேர்கள். வில்வமும் நெருஞ்சிலும் அந்தப் பத்தில் அடங்கும். நெருஞ்சிலை யாரும் விதைப்பதில்லை. களை என்று நாம் பிடுங்கிப் போடும் செடி அது. ஊரைத் தாங்குவது பயிர் மட்டும் இல்லை. வரப்பிலும் புறம்போக்கிலும் விதைக்காமல் முளைப்பது, அழைக்காமல் வரும் தேனீ, கூலி கேட்காமல் உழும் மண்புழு, மண்ணுக்குள் இருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர் எல்லாம் சேர்ந்ததுதான் ஊர். செவ்வாயில் இப்படித் தானாகக் கிடைப்பது எதுவுமே இல்லை. மூச்சுக்காற்று முதற்கொண்டு எல்லாவற்றையும் தயாரித்தாக வேண்டும்.

வற்றிய ஆறு அங்கும் இங்கும்

பெர்சிவரன்ஸ் இறங்கிய ஜெசரோ என்ற பெரும்பள்ளம் ஒரு காலத்தில் ஏரி. அதில் ஆறு வந்து கலந்த இடத்தில் படிந்த வண்டல், கழிமுகமாக இன்றும் அடையாளம் தெரிகிறது. அந்த நீர் 300 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வற்றிப்போனது. செவ்வாய் தன் காந்தப்புலத்தை இழந்ததும் சூரியக் காற்று அதன் வளிமண்டலத்தை மெல்ல மெல்ல அரித்துவிட்டது. அதைத் தடுக்க அங்கே யாரும் இல்லை.

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம் என்பதால்தான் திருமுக்கூடலுக்கு அந்தப் பெயர். இன்று ஆண்டின் பெரும்பகுதி அங்கே கண்ணுக்குத் தெரிவது மணல்தான். வேகவதியில் வருவது பெரும்பாலும் காஞ்சி நகரின் கழிவுநீர். மேலே வேலூர்ப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்தது தொடர்பாக 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே பிரச்சினைக்காக 2025 ஜனவரியில் மீண்டும் ஒரு தீர்ப்பு தேவைப்பட்டது.

ஆற்று மணல் ஒரு நீர்த்தொட்டி. அதன் கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஏக்கரில் ஒரு மீட்டர் மணலை அள்ளும்போது சுமார் 8 லட்சம் லிட்டர் கொள்ளளவை இழக்கிறோம். காஞ்சிபுரத்துக்கும் தாம்பரம் பக்கத்துக்கும் குடிநீர் தருவதும், கரையோரக் கிணறுகளை ஊறவைப்பதும் இந்தத் தொட்டிதான்.

ஆனால் பாலாறு இன்னும் செவ்வாய் ஆகிவிடவில்லை. 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடியதை எல்லோரும் பார்த்தோம். மழை வருகிறது, மணல் ஊறுகிறது, கிணறு ஏறுகிறது. இங்கே கெட்டதைச் சரிசெய்ய முடியும்.

அப்படியானால் ஆராய்ச்சி வீணா?

வீண் இல்லை. 2013 நவம்பரில் ஏவப்பட்ட மங்கள்யான், 450 கோடி ரூபாய்ச் செலவில் செவ்வாயை அடைந்தது. நெல்லை மாவட்டத்துக்காரரான சுப்பையா அருணன் அதன் திட்ட இயக்குநர். 6 மாதத்துக்குத் திட்டமிட்ட கலம் 8 ஆண்டுகள் உழைத்தது. அதே விண்வெளித் துறையின் செயற்கைக்கோள்கள்தான் நமக்குப் புயல் எச்சரிக்கையும் தருகின்றன. சர்வதேச விண்வெளி நிலையத்தில் சிறுநீர், வியர்வை உட்பட 98 சதவீத நீரைத் திரும்பப் பயன்படுத்தும் நிலையை 2023-ல் எட்டினார்கள். குறைந்த நீரில், குறைந்த இடத்தில் பயிர் வளர்க்கும் இந்த அறிவு பூமிக்கும் உதவும்.

பூமிக்குப் பேராபத்து வந்தால் தப்பிக்க இன்னொரு இடம் வேண்டாமா என்று கேட்பவர்களும் உண்டு. அண்டார்டிகாவில் காற்று இருக்கிறது, நீர் இருக்கிறது, கப்பல் போகிறது. அங்கே உள்ள நம் மைத்ரி, பாரதி நிலையங்களுக்குக்கூட உணவு கப்பலில்தான் போகிறது. எவ்வளவு சீரழிந்த பூமியும் செவ்வாயைவிட விவசாயத்துக்கு ஏற்ற இடமாகவே இருக்கும். ஆகவே செவ்வாய்க்குக் கலம் அனுப்புவோம், ஆராய்வோம். மனிதர்கள் போய் வந்தாலும் நல்லதே. மாற்று வீடு ஒன்று தயாராகிறது என்று நம்பி, இருக்கும் வீட்டைக் கவனிக்காமல் விடுவதுதான் தவறு.

நம் வயலில் செய்ய வேண்டியவை

* அறுவடை முடிந்ததும் மண் பரிசோதனை செய்யுங்கள். அட்டையில் கரிமச்சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால், உர மூட்டையை மட்டும் கூட்டிப் பயனில்லை. மட்கு சேர வேண்டும்.

* நடவுக்கு முன் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். வைக்கோல் தாளைக் கொளுத்த வேண்டாம்.

* ஒரு போக நெல்லுக்குச் சுமார் 1,200 மி.மீ. நீர், அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய 48 லட்சம் லிட்டர் செலவாகிறது. துளையிட்ட குழாயை வயலில் பதித்து, நீர்மட்டம் தரைக்குக் கீழ் 15 செ.மீ. இறங்கிய பிறகு பாய்ச்சும் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ முறையில் 30 சதவீதம் வரை மிச்சப்படுத்தலாம். பூக்கும் பருவத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது.

* ஏரி வண்டலை எடுத்து வயலுக்கு இடுங்கள். வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறும்படி 2024-ல் நடைமுறை எளிதாக்கப்பட்டிருக்கிறது. வயலும் வளம் பெறும், ஏரியும் ஆழமாகும்.

* வரப்புக்குக் களைக்கொல்லி அடிக்காதீர்கள். அங்கே காராமணி ஊன்றுங்கள். அதன் பூவைத் தேடி வரும் நன்மை செய்யும் பூச்சிகள் நெல்லைத் தாக்கும் பூச்சிகளைக் கட்டுப்படுத்தும், உதிரும் இலை மண்ணுக்கு, காய் வீட்டுக்கு.

காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டார விவசாயிகள் இவை பற்றிய ஆலோசனைக்கு அந்தந்த வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.