கூப்பிட்ட நாளுக்கு மட்டும் வேலை: நடவு ஆள் முறையில் லாபமும் நஷ்டமும்

தஞ்சை டெல்டாவில் கைநடவுக்கும் களையெடுப்புக்கும் அன்றாடக் கூலி ஆட்களையே நம்பியிருக்கும் சிறு விவசாயிகள் பலர். வயல்காரர் கூப்பிட்டால் வேலை. கூப்பிடாவிட்டால் கூலி இல்லை. இன்ன வயலுக்கு வந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் ஆளுக்கும் கிடையாது.

முன்பு பண்ணையாள் ஆண்டு முழுவதும் ஒரே மிராசுக்குக் கட்டுப்பட்டிருந்தார். 1952-ம் ஆண்டு வந்த தஞ்சைச் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அவருக்குக் கூலியை நிர்ணயித்தது. நினைத்தபோது நீக்குவதையும் தடுத்தது. அதன்பின் மிராசுதாரர் பலர் பண்ணையாள் வைப்பதையே விட்டுத் தினக்கூலிக்கு மாறினர். ஆளுக்குக் கட்டு அவிழ்ந்தது. வேலைக்கு இருந்த உத்தரவாதமும் போயிற்று.

இரண்டு ஏக்கர்காரருக்கு இம்முறை சௌகரியமே. ஆண்டு முழுவதும் ஆள் வைக்க அவரிடம் வேலை இல்லை. நஷ்டம் தெரிவது நடவின்போதுதான். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் ஊரே ஒரே வாரத்தில் ஆள் தேடும். நாற்று காத்திருக்காது. குறுகிய கால ரகங்களை 18 முதல் 22 நாள் வயதிற்குள் பறித்து நடவேண்டும். முற்றிய நாற்றில் தூர் கட்டுவது குறையும். பிறகு உரத்தைக் கொட்டினாலும் அது முழுவதும் சரியாகாது.

இதற்குப் பயந்து ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி விடுவோர் உண்டு. வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அவசரத்தில் நடவு நெருக்கம் குறையும். 20-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுர மீட்டருக்கு 50 குத்து இருக்கவேண்டும். ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை வயலில் நாலைந்து இடங்களில் போட்டு எண்ணிப் பார்க்கலாம். ஆட்கள் கரையேறு முன்பே எண்ணுவது அவசியம்.

ஆட்களின் கஷ்டம் வேறு. நாளை வரச்சொல்லிவிட்டு, மடையில் தண்ணீர் இல்லை என்று காலையில் திருப்பி அனுப்பினால், வேறு வயலில் கிடைத்திருக்கக் கூடிய கூலியும் போகிறது. இரண்டு தடவை இப்படி நடந்தபின் அவர்கள் வரவில்லை என்றால் குறை சொல்வதற்கில்லை.

நியூசிலாந்தில் உணவு விடுதி ஊழியர்களுக்கும் இதே தொல்லை இருந்தது. கூப்பிடும்போது வரத் தயாராக இருக்கும்படி ஒருவரைக் கட்டுப்படுத்தினால் அதற்கும் ஈடு தரவேண்டும் என்று 2016-ல் அங்கு சட்டம் செய்தார்கள்.

இங்கே சட்டம் இல்லாமலே இதில் கொஞ்சம் செய்யலாம். நாற்று விட்டவுடன் நடவுத் தேதியை ஆட்களிடம் சொல்லி, சிறு முன்பணம் கொடுத்து வைக்கலாம். தேதி தள்ளிப்போனால் முதல்நாள் மாலையே சொல்லிவிட வேண்டும். காலையில் திருப்பி அனுப்ப நேர்ந்தால் அரைக்கூலியாவது கொடுப்பது நியாயம். பத்துப் பேருக்கு அரைக்கூலி என்பது சிறு விவசாயிக்குக் கனமான செலவுதான். ஆகவே பக்கத்து வயல்காரர்கள் நாலைந்து பேர் பேசிக்கொண்டு, இரண்டு மூன்று நாள் இடைவிட்டு நாற்றங்கால் போட்டு, ஒரே நடவுக் கூட்டத்தை வரிசையாக அமர்த்திக் கொள்வது மேல். ஆட்களுக்குத் தொடர்ந்து வேலை இருக்கும். ஒரு வயலில் தண்ணீர் தாமதமானால் அன்று அவர்களை அடுத்த வயலில் இறக்கிவிடலாம்.