எந்த நாளுக்குத் திரும்புவது?

காலப் பயணக் கதைகளுக்கு வாசகர் குறைவதே இல்லை. 1895இல் எச். ஜி. வெல்ஸ் ஒரு மனிதனை யந்திரத்தில் ஏற்றி எதிர்காலத்துக்கு அனுப்பினார். அதற்கு எவ்வளவோ காலம் முன்பே, ககுத்மி அரசன் மகள் ரேவதியோடு பிரம்மலோகம் போய்த் திரும்புவதற்குள் பூமியில் யுகங்கள் கடந்துவிட்டன என்று பாகவதம் சொல்லிவிட்டது. காலத்தைத் தாண்டும் இந்த ஆசை ஏன் தீரவில்லை? இலங்கை மலைநாட்டிலுள்ள கொஸ்லந்தையை வைத்தே சொல்கிறேன்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி, காலை ஏழரை மணியளவில், அங்குள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் புறப்பட்டிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். ஆனால் அவர்களில் சிலர் வீட்டிலிருந்த தாய் தகப்பனை இழந்தார்கள். ஒரு நாள் முந்திப் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று ஏங்காதவர் இங்கே யார்? காலப் பயணக் கதை பிறப்பது அந்த ஏக்கத்தில்தான்.

இனி முடிச்சைப் பாருங்கள். நீங்கள் 28ஆம் திகதிக்குப் போய் எல்லோரையும் வெளியேற்றிவிடுகிறீர்கள். ஒருவரும் சாகவில்லை. அப்படியானால் திரும்பிப் போக உங்களுக்குக் காரணமே இருக்காது. நீங்கள் போகாவிட்டால், அவர்களைக் காப்பாற்றியது யார்? சில எழுத்தாளர்கள், நடந்ததை மாற்றவே முடியாது என்பார்கள். சிலர், அங்கிருந்து காலம் வேறு கிளையாகப் பிரிகிறது என்பார்கள். ரே பிராட்பரியின் 1952ஆம் ஆண்டுக் கதையிலோ, ஆதிகாலத்தில் மிதிபட்ட ஒரு வண்ணத்துப்பூச்சி நிகழ்காலத்தையே மாற்றிவிடுகிறது. ஒரு செயல், அதன் ஒரு விளைவு: இது சிறுகதைக்கென்றே அமைந்த அளவு.

நல்ல கதை இன்னொன்றும் கேட்க வைக்கும்: எந்த நாளுக்குத் திரும்புவது? தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று எச்சரித்திருந்தது. வரப்போவதைச் சொல்ல ஆள் இருந்தது. ஆனால் சனங்கள் எங்கே போவது? தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் உழைத்தவர்களுக்குச் சொந்தக் காணி இல்லை. ஆகவே 28ஆம் திகதிக்குப் போவது பிந்திய பயணம். 2005க்குப் போக வேண்டும், கையில் காணி உறுதியோடு.

மலைநாட்டில் சரிவுகளை அண்டி இன்னும் லயங்கள் இருக்கின்றன. அங்குள்ளவர்களைக் காப்பாற்றக் கால யந்திரம் தேவையில்லை. பாதுகாப்பான காணியும் வீடும் இப்போதே கொடுத்தால் போதும்.