கடல்மேல் நட்சத்திர வானம்: வானத்தைவிடத் தண்ணீரைப் படமெடுப்பதுதான் கஷ்டம்

மேலே பால்வீதி. கீழே கடல். கடலிலும் அதே பால்வீதி, ஒரு புள்ளிகூடச் சிதறாமல்.

இப்படி ஒரு படத்தை யாராவது பகிர்ந்தால் உடனே இரண்டு கேள்விகள் வரும். "எங்க எடுத்தது?" "உண்மையா, இல்ல எடிட் பண்ணதா?"

சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். 2016இல் 'சயன்ஸ் அட்வான்சஸ்' சஞ்சிகையில் வெளியான ஆய்வு, ஒளிமாசு மிக அதிகமுள்ள நாடு சிங்கப்பூர் என்றது. இங்கே இரவிலும் வானம் அவ்வளவு வெளிச்சம். நம் கண் இருட்டுக்கு முழுமையாகப் பழகவே வாய்ப்பில்லை. உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குத் தங்கள் ஊரிலிருந்து பால்வீதி தெரியாது என்றும் அந்த ஆய்வு கணக்கிட்டது. நாம் எல்லாரும் அந்தக் கணக்கில் அடக்கம்.

ஆக, கொஞ்சம் பயணம் செய்யவேண்டும்.

எங்கே, எப்போது?

பக்கத்தில் என்றால் ஜொகூரின் கிழக்குக் கரை. கடற்பாலத்தில் நெரிசல் இல்லையென்றால் மெர்சிங்கிற்கு மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். இன்னும் இருட்டு வேண்டுமா? அங்கிருந்து படகேறி தியோமான் தீவுக்குப் போய், அதன் கிழக்குப் பக்கம் உள்ள ஜுவாராவில் தங்கலாம். எதிரே தென்சீனக் கடல் மட்டும்தான்.

பால்வீதியின் பிரகாசமான மையப் பகுதி விருச்சிகத்தின் வாலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜாதகத்தில் வருகிற 'மூலம்' அந்த வால்தான். ஏப்ரல் நடுவில் அந்தப் பகுதி இரவு 11 மணிக்குமேல் தென்கிழக்கில் உதிக்கும். மே நடுவில் 9 மணிக்குமேலேயே வந்துவிடும். நவம்பரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. அப்போது கிழக்குக் கரைத் தீவுகளில் பல தங்குமிடங்கள் மூடிக்கிடக்கும்.

நிலா இருக்கக்கூடாது. வீட்டில் தமிழ் நாள்காட்டி மாட்டியிருந்தால் தனிச் செயலி எதுவும் வேண்டாம். அமாவாசையைப் பார்த்து, அதையொட்டிய நாள்களில் விடுப்பு எடுங்கள்.

"கண்ணுக்குத் தெரியல, கேமராவுல மட்டும் எப்படித் தெரியுது?"

நம் கண் ஒளியைச் சேமித்து வைக்காது. ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள் வந்ததை மட்டும் காட்டும். மங்கிய ஒளியில் நிறமும் தெரியாது. கேமரா 20 விநாடி திறந்திருந்து, வந்த ஒளியை எல்லாம் சேர்த்து ஒரே படமாகத் தருகிறது. அதனால் படத்தில் ஊதாவும் மஞ்சளுமாக இருப்பது நேரில் சாம்பல் நிற மேகம் போலத்தான் தெரியும். முதல் முறை பார்ப்பவர்கள் "இதுதானா?" என்று கேட்பதுண்டு. நானும் கேட்டேன்.

எவ்வளவு நேரம் திறந்து வைக்கலாம்? 500ஐ லென்ஸின் மில்லிமீட்டர் அளவால் வகுங்கள். 20 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 25 விநாடி. அதைத் தாண்டினால் பூமி சுழல்வதால் நட்சத்திரம் புள்ளியாக இல்லாமல் கோடாகும். இப்போதைய கேமராக்களுக்கு இன்னும் கொஞ்சம் குறைத்து 15 விநாடி வைப்பது நல்லது. ஐஎஸ்ஓ 3200, துளை எஃப் 2.8 என்று தொடங்கலாம். ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள், பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, கையால் திருகி, புள்ளி மிகச் சிறிதாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

கைத்தொலைபேசி போதுமா? டிரைபாட் இருந்தால் ஓரளவு போதும். ஐஃபோன் அசையாமல் நின்றால் 30 விநாடி வரை திறந்திருக்கும். கூகலின் பிக்சல் 4, 2019லேயே 16 விநாடிப் படங்கள் 15ஐச் சேர்த்து ஒன்றாக்கும் வசதியுடன் வந்தது.

சரி, தண்ணீருக்கு வருவோம்

பலர் ஏமாறுவது இங்குதான். வானத்துக்கு வேண்டிய 20 விநாடிக்குள் கடலில் எத்தனை அலைகள் வந்துபோகும்! ஒவ்வொரு அலையும் நட்சத்திரத்தின் ஒளியை ஒவ்வொரு திசையில் சிதறடிக்கும். கடைசியில் கடல் பனிமூட்டம்போலப் படத்தில் விழும். வெள்ளி, வியாழன் போன்ற பிரகாசமான கோள்கள் மட்டும் தண்ணீரில் ஒரு வெளிச்சப் பாதை போடும். திறந்த கடலில் நட்சத்திரம் புள்ளி புள்ளியாகப் பிரதிபலிக்கும் படத்தைப் பார்த்தால் தாராளமாகச் சந்தேகப்படலாம். வானத்தைத் தலைகீழாக ஒட்டுவது மிகச் சுலபம்.

இன்னொன்று. தண்ணீர் நல்ல கண்ணாடி இல்லை. தலைக்கு நேர் மேலே இருக்கும் நட்சத்திரத்தின் ஒளியில் சுமார் 2 விழுக்காட்டைத்தான் அது திருப்பி அனுப்பும். அடிவானத்திலிருந்து 10 பாகை உயரத்தில் இருந்தால் மூன்றில் ஒரு பங்குக்குமேல் திரும்பி வரும். அதாவது, தாழ்வாக இருக்கும் நட்சத்திரங்களே தண்ணீரில் தெரியும். பால்வீதி நடுவானுக்கு ஏறும்வரை காத்திருக்காதீர்கள். உதித்து ஒரு மணி நேரத்துக்குள் எடுங்கள்.

அலையில்லாத தண்ணீருக்கு எங்கே போவது? காற்றில்லாத இரவில் ஏரி. திரெங்கானுவின் கென்யிர் ஏரி மாதிரி. கடற்கரையிலும் வழியுண்டு. தண்ணீர் வற்றும்போது மணல் பள்ளங்களில் தேங்கி நிற்குமே, அது போதும். ஆனால் கேமராவைத் தரையோடு தரையாக இறக்கவேண்டும். 20 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால், 10 பாகையில் உள்ள நட்சத்திரத்தின் பிம்பம் ஏறக்குறைய ஒரு மீட்டர் முன்னால் விழும். ஒன்றரை மீட்டர் உயரத்தில் வைத்தால் அது எட்டு மீட்டர் தள்ளிப் போய்விடும். அவ்வளவு பெரிய குட்டை கிடைப்பது கஷ்டம்.

படகுத்துறை அழகான இடம் என்று நினைத்து நான் ஒரு மணி நேரம் வீணாக்கினேன். மிதக்கும் துறை மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. எல்லா நட்சத்திரமும் புழு மாதிரி விழுந்தது. தூண்மேல் நிற்கும் துறையாக இருந்தாலும் யாராவது நடந்தால் அதிரும்.

அறையின் ஏர்கான் குளிரிலிருந்து நேராக வெளியே போனால் லென்ஸில் ஆவி படியும். கேமராவைப் பையோடு அரைமணி நேரம் முன்பே வெளியில் வைத்துவிடுங்கள். சோத்தோங் பிடிக்கும் படகுகளின் விளக்குகள் அடிவானத்தில் வரிசையாக நிற்கலாம். அவற்றை ஒன்றும் செய்யமுடியாது. படத்தில் சேர்த்துக்கொள்வதே நல்லது.

கடைசியாக, பாதுகாப்பு. அமாவாசை இருட்டைத் தருகிறது. அதே அமாவாசையில்தான் கடல் ஏற்றமும் பெரிது. தண்ணீர் சத்தமில்லாமல், எந்தப் பக்கம் என்று தெரியாத இருட்டில் வரும். தனியாகப் போகவேண்டாம். சிவப்பு டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள், அது கண்ணைக் கூசவைக்காது. முதலில் அன்றைய ஓத நேரத்தைப் பாருங்கள்.

நான் பார்க்கவில்லை. குட்டையில் பால்வீதி சரியாக விழுந்த நேரத்தில் டிரைபாட்டின் இரண்டு கால்கள் தண்ணீரில் நின்றன. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். செருப்பு ஒன்று போச்சு.